வெள்ளிக்கிழமை ராத்திரி போன்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசியபடியே, ஓரிரு இடங்களில் மட்டும் திருத்தி இங்கே தரப்படுகிறது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு நட்பு. கொடுத்த நேரம் பதினைந்து நிமிடம். நான் மேடைப் பேச்சாளன் அல்ல. பதினாறு மெஷின் வைத்து ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கிறவன். நட்பைப் பற்றிப் பேசச் சொன்னார்களே என்று திருக்குறளை எடுத்துப் புரட்டினேன். 79ஆம் அதிகாரத்திலிருந்து 83 வரைக்கும் ஐந்து அதிகாரம் நட்புக்கே ஒதுக்கியிருக்கிறார் வள்ளுவர். அதில் ஒன்று ஆராய்ந்து பார்த்துச் சேரச் சொல்கிறது. தீ நட்பு, கூடா நட்பு என்று இரண்டு அதிகாரம் எச்சரிக்கை. பார்ட்டி எப்படிப்பட்டவன் என்று விசாரிக்காமல் சரக்குக் கொடுக்காதே என்று சொல்கிற எங்கள் நூல் கடைக்காரர் ஞாபகம்தான் எனக்கு வந்தது. ஐயன் நம்ம ஊர்க்காரராக இருந்திருப்பாரோ என்று ஒரு சந்தேகம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு நண்பனைப் பற்றிச் சொல்கிறேன். அவனிடம் அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன்.

நாங்கள் 1983ல் இந்தக் கல்லூரிக்குள் நுழைந்தவர்கள். அடுத்த வருடம், 1984ல், திருப்பூரில் பெரிய ஸ்டிரைக் வந்தது. பஞ்சப்படி கேட்டுப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைக்குப் போகவில்லை. என் அப்பா பனியன் கம்பெனியில் டெய்லர். எங்கள் வீட்டில் நாலு குழந்தைகள். முதல் மாதம் கடையில் கடன் கொடுத்தார்கள். அப்புறம் கடைக்காரரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மத்தியானம் மணி அடித்ததும் நான் டிபன் பாக்ஸ் இல்லாததை மறைக்க லைப்ரரிக்குப் போய்விடுவேன். படிப்பாளி என்று ஒரு பெயர் கூடக் கிடைத்தது.

எங்கள் வகுப்பில் ஒருத்தன் மூன்றாவது நாள் லைப்ரரிக்கு வந்தான். கையில் இரண்டு டிபன் பாக்ஸ். "எங்கம்மா தெரியாமக் கூடக் கட்டிட்டாங்க, வீணாப் போகுது, வாடா" என்றான். ஸ்டிரைக் முடிகிற வரைக்கும் அவன் அம்மா தினமும் தெரியாமலே கூடக் கட்டினார்கள். இதில் விசேஷம் என்னவென்றால், அவன் அப்பா சின்னதாகப் பனியன் கம்பெனி வைத்திருந்தவர். ஸ்டிரைக் யாரை எதிர்த்து நடந்ததோ அந்தப் பக்கத்துக்காரர். சோற்றுக்குப் பக்கம் கிடையாது என்று அந்த அம்மா நினைத்திருக்க வேண்டும். அவன் என்னிடம் ஒரு வார்த்தை ஸ்டிரைக்கைப் பற்றிக் கேட்டதில்லை.

படிப்பு முடிந்தது. இரண்டு மூன்று பேரைத் தவிர எல்லாரும் இந்த ஊர்த் தொழிலுக்குள்ளேயே போய் விழுந்தோம். ஒருத்தன் நிட்டிங் போட்டான். ஒருத்தன் லேபிள், பட்டன் வியாபாரம். ஒருத்தன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதப் போனான். டிபன் பாக்ஸ் நண்பன் சாயப்பட்டறை ஆரம்பித்தான். பல்லடத்துப் பக்கம் வாத்தியாராக ஒருத்தன், பேங்கில் ஒருத்தன், பஸ் கண்டக்டராக ஒருத்தன், பெருமாநல்லூரில் மளிகைக் கடையாக ஒருத்தன். நான் என்ன ஆனேன் என்று சொல்லிவிட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். திருப்பூரில் நண்பன் என்றால் பாதிக்குப் பாதி அவனே நமக்குப் பார்ட்டியாகவும் இருப்பான். அவன் ஓட்டுகிற துணியை இவன் சாயம் போடுவான், இவன் சாயம் போட்டதை நான் வெட்டித் தைப்பேன், லேபிளை இன்னொருத்தன் கொடுப்பான். எல்லாம் கடன். வெளிநாட்டுப் பேமெண்ட் வருவதற்கு அறுபது நாளோ தொண்ணூறு நாளோ. அதுவரைக்கும் ஒருத்தன் நாணயத்தை நம்பி அடுத்தவன் ஓட்டுகிறான். அதனால் நம்ம ஊரில் "எப்படி இருக்கறே?" என்ற கேள்விக்கு உண்மையான பதில் சொல்வது ஆபத்து. "மாப்ள கொஞ்சம் கஷ்டத்துல இருக்கானாட்டம்" என்று காலை பத்து மணிக்கு டீக்கடையில் நல்ல மனதோடு ஒருத்தன் சொன்னால் போதும். சாயங்காலம் நூல் கடையில் "இனிமே ரொக்கம்தானுங்க" என்பார்கள். அதனால்தான் இங்கே கஷ்டத்தில் இருக்கிறவன் சட்டைதான் நல்ல வெள்ளையாக இருக்கும். காரையும் அன்றைக்குத்தான் கழுவி நிறுத்தியிருப்பான்.

28.1.2011 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். கரண்ட் கட். ஊரே நின்றுபோனது. துணியை லாரியில் ஏற்றி வெளியூர் வெளியூராகச் சாயத்துக்கு அனுப்பினார்கள்.

இதைச் சொல்லும்போது நொய்யலைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று நண்பன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான். 1992ல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள், பாசனத்துக்கு. அதில் வந்து தேங்கியது எங்கள் சாயத் தண்ணீர். கீழே இருந்த விவசாயி, அணையில் தண்ணீரே தேக்காதீர்கள் என்று கோர்ட்டுக்குப் போகிற நிலைமையை நாம் உண்டாக்கினோம். "நம்ம கஷ்டத்தை மட்டும் சொல்லாதே. அந்தக் கெணத்துத் தண்ணியை நான் வாயில ஊத்திப் பார்த்திருக்கேன்" என்றான். சொல்லிவிட்டேன்.

உத்தரவு வந்தபோது அவன் பட்டறையில் என்னுடைய துணி பத்து ரோல் இருந்தது. கிரே துணி, சாயத்துக்குப் போனது. ஒரு மாதம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் அவனைப் பார்த்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. "எப்படிடா இருக்கறே?" என்றேன். "இருக்கறேன்டா" என்றான். கொஞ்சம் இளைத்திருந்தான். அதைப் பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்து நான் கேட்டது என்ன தெரியுமா? "ஏன்டா, என் துணி எப்ப வரும்?"

"புதன்கிழமை அனுப்பிடறேன்" என்றான்.

புதன்கிழமை டெம்போ வந்தது. பத்து ரோலும் சரியாக இருந்தது, எடை போட்டு எழுதின சீட்டோடு. எனக்குப் பெரிய நிம்மதி. வெள்ளிக்கிழமை வீடு பூட்டியிருக்கிறது என்றார்கள். மனைவி, இரண்டு குழந்தைகளோடு ஊரை விட்டுப் போய்விட்டான். போவதற்கு முன்னால் உள்ளே இருந்த ஒவ்வொரு பார்ட்டியின் துணியையும் கணக்குப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறான். கடன்காரர்களுக்கு ஒரு கடிதம், "ஓடவில்லை, திருப்பித் தருவேன்" என்று.

நாங்கள் எட்டுப் பேர் அன்றைக்கு ராத்திரி மளிகைக் கடை நண்பன் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்தோம். பேசப் பேசத்தான் தெரிந்தது. அவன் வீட்டம்மா நகை அடகில் இருந்தது ஒருத்தனுக்குத் தெரியும். பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டாதது வாத்தியாருக்குத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தனியாக நின்றுகொண்டிருந்ததைக் கண்டக்டர் பார்த்திருக்கிறான். மீட்டர் வட்டிக்காரன் பட்டறை வாசலுக்கு வந்ததை லேபிள்காரன் பார்த்திருக்கிறான். எட்டுப் பேர் கையிலும் ஆளுக்கொரு வெட்டுத் துண்டு இருந்திருக்கிறது. ஊரே தையல் ஊர், சேர்த்துத் தைக்க ஒருத்தன் இல்லை. இரண்டு டிபன் பாக்ஸோடு லைப்ரரிக்குத் தேடி வந்தவனிடம், நான் துணியைக் கேட்டிருக்கிறேன்.

அந்த மாடியில் வாத்தியார்தான் சொன்னான்: "நம்ம ஊர்ல வெசனம் ஜாஸ்தியாகறது எந்த நாள்? வெள்ளிக்கிழமை ராத்திரி." சரியாகச் சொன்னான். சனிக்கிழமை சம்பள நாள். கையில் காசு இல்லாத முதலாளிக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி தூக்கம் கிடையாது. கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுவது அன்றைக்குத்தான். அதனால் வெள்ளிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்துக்குள் ஆளுக்கு ஒருத்தனைப் போனில் கூப்பிடுவது என்று முடிவு செய்தோம். யார் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு சீட்டு. வாரா வாரம் மாறும். தொழிலைப் பற்றி முதலில் கேட்கக்கூடாது. சாப்பிட்டியா, தூங்கினியா, வீட்டில் எப்படி, அம்மாவுக்கு முட்டி வலி எப்படி, இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். போனில் கேட்டது எதுவும் டீக்கடைக்கு வரக்கூடாது. வந்தால் அவனை விலக்கிவிடுவது.

முதல் இரண்டு மாதம் பெரிய கூத்து. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "தூங்கினியா?" "தூங்கினேன்." "சரி வெச்சரட்டுமா?" அவ்வளவுதான். ஆம்பளைகள் அறுபது வார்த்தைக்கு மேல் பேசப் பழகியிருக்கவில்லை. கண்டக்டர் நண்பன் ஒரு நாள் தன் வீட்டில் பருப்பு தீய்ந்துபோன கதையை இருபது நிமிடம் சொன்னான். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது. ஒன்றுமில்லாத விஷயத்தைச் சொல்லிப் பழகினால்தான் பெரிய விஷயம் வெளியே வரும் என்பது எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் போட்டு ஒரு நிதியும் ஆரம்பித்தோம். மாதம் எட்டாயிரம், வருடத்துக்கு 96 ஆயிரம். சனிக்கிழமை சம்பளத்துக்குத் தட்டுப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம், வட்டி கிடையாது, மூன்று வாரத்தில் திருப்ப வேண்டும். இதில் எல்லாம் சுபம் என்று சொன்னால் பொய். ஒருத்தன் எடுத்ததைத் திருப்பவில்லை. மூன்று வாரம் பதினான்கு மாதம் ஆனது. சண்டை வந்தது, கெட்ட வார்த்தையும் வந்தது. ஒரு தீபாவளிக்கு யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. ஆனால் அந்தச் சண்டை நடந்த மாதங்களிலும் வெள்ளிக்கிழமைப் போன் நிற்கவில்லை. பணத்தைக் கேட்கக் கூடாது, அது வேறு நாளில். இதுவும் வாத்தியார் போட்ட சட்டம். பிறகு பணம் வந்தது.

2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுச் செல்லாது என்றார்கள். நிதியில் பணம் இருந்தும் பிரயோஜனம் இல்லை. கரண்ட் அக்கவுண்டில் வாரத்துக்கு 50 ஆயிரம்தான் எடுக்க முடியும். சனிக்கிழமை வந்தால் டெய்லருக்கு என்ன கொடுப்பது? பேங்க் நண்பனிடம் நாங்கள் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை, அவனைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று. மளிகைக் கடைக்காரன்தான் கை கொடுத்தான். எங்கள் ஆட்களின் பெயர்ப் பட்டியலை வாங்கிக்கொண்டு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் நோட்டில் எழுதிக் கொடுத்தான், ஆறு வாரம். "எங்கப்பா 84 ஸ்டிரைக்ல கடனை நிறுத்தினாரு, எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு" என்றான். எங்கள் வீட்டுக்குக் கடனை நிறுத்திய கடை அதுவல்ல. ஆனால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இனி என் கதை. சுருக்கமாகச் சொல்கிறேன், சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. காலமெல்லாம் ஜாப் ஒர்க்தானா என்று 2022 ஆரம்பத்தில் சொந்தமாக ஒரு ஆர்டர் பிடித்தேன். இருபதாயிரம் டி-சர்ட். விலையை முதலில் பேசிவிட்டேன், நூலை அப்புறம் வாங்கினேன். தொழில் தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள். ஏப்ரலில் கிலோவுக்கு 30 ரூபாய் ஏறியது, மே மாதம் இன்னொரு 40. மே 16, 17 இரண்டு நாள் ஊரே கடையடைத்தது ஞாபகமிருக்கும். எனக்கு வேண்டியது நாலு டன் நூல். எழுபது ரூபாய் கூடினால் 2 லட்சத்து 80 ஆயிரம். லாபமே அவ்வளவு கிடையாது. அதோடு சரக்கு லேட், கப்பலில் போக வேண்டியது விமானத்தில் போனது, அந்தச் செலவும் என் தலையில்.

அந்த மே மாதம் மூன்று வெள்ளிக்கிழமையும் எனக்குப் போன் வந்தது. மூன்று தடவையும் "நல்லா இருக்கறேன்" என்றேன். ஊருக்கு உபதேசம் பண்ணியவன், என் முறை வந்தபோது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். நாலாவது வாரம் கணக்கு எழுதுகிற நண்பன் கூப்பிட்டபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். வீட்டம்மா எடுத்துவிட்டாள். "அண்ணா, இவர் பத்து நாளாத் தூங்கறதில்லீங்க. ராத்திரியெல்லாம் மெஷின் ரூம்ல போய் லைட் போடாம உக்காந்துக்கறாருங்க" என்று சொல்லிவிட்டாள். எனக்குத் தெரியாது.

காலை ஐந்தே முக்காலுக்கு அவன் வாசலில் நின்றான். புத்திமதி எதுவும் சொல்லவில்லை. காப்பி குடித்தான். "நோட்டும் பேனாவும் எடு" என்றான். யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று சொல்லச் சொன்னான். என் மனதில் பதினான்கு பேர் இருந்தார்கள். எழுதிப் பார்த்தால் ஒன்பது பேர். இரண்டு மூன்று பேரை ராத்திரியெல்லாம் நான் திரும்பத் திரும்ப எண்ணியிருக்கிறேன். ஒன்பதில் நாலு பேரிடம் அவனே கூட வந்து தவணை பேசினான். மத்தியானம் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனான். "பைத்தியமாடா எனக்கு?" என்று சண்டை போட்டேன். "ஓவர்லாக் மெஷின் நின்னா மெக்கானிக்கைக் கூப்பிடறதில்ல?" என்றான். எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். இப்போது தூங்குகிறேன், குறட்டை சகிக்கவில்லை என்று புகார்.

வீட்டம்மா அதற்குப் பிறகு எங்களைக் கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. "பதினொரு வருசமாப் போன் பண்றீங்க. ஒரு தடவையாவது எங்க கிட்டக் குடுங்கன்னு கேட்டிருக்கீங்களா?" சாயப்பட்டறை நண்பன் வீட்டு நகை அடகுக்குப் போனது முதலில் தெரிந்தது அவன் மனைவிக்குத்தானே. அன்றிலிருந்து சீட்டில் எட்டுப் பெயர் பதினாறு பெயர் ஆனது. அவர்கள் போன் பத்து மணிக்கு முடிவதில்லை, அது வேறு விஷயம்.

அந்த நண்பன் என்ன ஆனான் என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. அவனுடைய மச்சினரிடமிருந்து ஒரு நம்பர் வாங்கி, வாத்தியார் தன் முறைக்கு மேலே இன்னொரு போனும் போட்டுக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை தோறும். மணி அடிக்கும், எடுக்க மாட்டான். ஐந்து மாதம். ஒரு வெள்ளிக்கிழமை எடுத்துவிட்டான். கடன்காரர்கள் என்ன சொல்கிறார்கள், எங்கே இருக்கிறாய், எதையும் வாத்தியார் கேட்கவில்லை. "சாப்பிட்டியாடா?" என்றான். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லையாம்.

குஜராத்தில் ஒரு மில்லில் டையிங் மாஸ்டராக இருந்தான். சம்பளத்தில் மாதா மாதம் அனுப்பி, கடிதத்தில் எழுதியபடியே ஒவ்வொருத்தராக முடித்தான். 2018ல் ஊருக்குத் திரும்பினான். ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடாத முறையில் ஓடுகிற ஒரு பட்டறையில் இன்றைக்கு மேனேஜர். இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம், அவனுக்குக் கோபம் வரும்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை ஏற்றியது. 7ஆம் தேதி 25 சதவீதம், 27ஆம் தேதி இன்னொரு 25. அமெரிக்க ஆர்டரை மட்டும் நம்பியிருந்த ஒருத்தன் எங்கள் எட்டுப் பேரில் உண்டு. இரண்டாவது வரி வந்த அந்த வாரமே, வெள்ளிக்கிழமை, நாங்கள் கேட்பதற்கு முன்னால் அவனே சொன்னான்: "பங்காளி, வெட்டிப் போட்டது அப்படியே கெடக்குது. எனக்குப் பயமா இருக்குது." முதல் வாரத்திலேயே சொன்னான், பாருங்கள். 2011ல் அந்த ஒரு வார்த்தை எங்களுக்குக் கிடைக்கவில்லை. வாஷிங்டன் வரியை நாங்கள் குறைக்க முடியாது. இன்னொருத்தனிடம் ஐரோப்பா ஆர்டர் இருந்தது, அதில் பாதியை அவன் மெஷினுக்குத் தள்ளிவிட்டான். அந்த வருடத் தீபாவளிக்கு அவன் தன் ஆட்களுக்கு போனஸ் கொடுத்தான். எப்படிக் கொடுத்தான் என்பது வெள்ளிக்கிழமை ரகசியம், இங்கே சொல்ல முடியாது.

தம்பிமார்களுக்கு ஒன்று. உங்கள் செட்டுக்கு வாட்ஸ்அப் குரூப் இருக்கும். தினமும் காலையில் பூப் படம் வரும். போடுங்கள், நல்லதுதான். ஆனால் இருநூறு பேர் பார்க்கிற இடத்தில் "எனக்குத் தூக்கம் வரவில்லை" என்று எவனும் எழுத மாட்டான். ஏழெட்டுப் பேராகப் பிரித்துக்கொண்டு ஒரு சீட்டு எழுதுங்கள். யாரையாவது கூப்பிட்டால் எடுக்கவில்லை என்றால் அடுத்த வாரமும் கூப்பிடுங்கள். நிலைமை கை மீறுகிறது என்று தோன்றினால் டாக்டரிடம் கூடப் போங்கள். ராத்திரி நேரமானால் 14416 என்று ஒரு நம்பர் இருக்கிறது. 2022ல் மத்திய அரசு ஆரம்பித்தது, தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. எங்கள் சீட்டின் அடியில் அதை எழுதி வைத்திருக்கிறோம்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பந்தியில் இலை போட்டாகிவிட்டது என்றும் தகவல். இந்த வாரச் சீட்டுப்படி நான் கூப்பிட வேண்டியது மூன்றாவது வரிசைக்காரனை. டேய், ஒன்பதரைக்குப் பண்ணுவேன், எடு.